அதே சன்னலில்தான் நாமும் மனு கொடுக்கிறோம்

அமெரிக்கச் சிறு நகரங்களில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,



டென்னசியின் ஸ்மிர்னா நிசான் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள், ஊர் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் தூங்குபவர்கள், கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குள் அனுப்பிவிட்டு கார் நிறுத்துமிடத்தில் கிரீன் கார்டு வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பவர்கள் – உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எடிசனிலும் ஃப்ரீமாண்டிலும் இருப்பவர்களும் படிக்கலாம். ஆனால் அவர்களுக்குத் தெருவுக்கு நாலு தோசைக்கடை. தேர்தலில் நிற்பவர் நவராத்திரி கொலுவுக்குத் தானாகவே வந்து வாக்குக் கேட்பார். நம் பாடு அப்படியில்லை. நகரசபையில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கிக்கொள்வோம்.

அந்த 'நமக்கெதுக்கு' பற்றித்தான் பேச வந்தேன். அதற்கு ஒரு தொலைக்காட்சித் தொடரைச் சாக்காக எடுத்துக்கொள்கிறேன்.

எச்.பி.ஓ.வில் 2020 ஏப்ரலில் தொடங்கி, 2024-இல் நான்காம் பருவத்தோடு நின்றுபோன 'வீ ஆர் ஹியர்'. உங்களில் பலர் அதை முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் இந்த மாதிரி நிகழ்ச்சிகளிலிருந்து வெட்டியெடுத்த அரை நிமிடத் துண்டுகள் 'அமெரிக்கா எங்கே போகிறது பாருங்கள்' என்ற தலைப்போடு நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. கைகூப்பும் படத்தை ஒட்டி நாமும் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

தொடரின் கதை எளிது. டிராக் கலைஞர்கள் மூன்று பேர் ஒரு சிறு நகரத்துக்கு வருகிறார்கள். வானத்தைத் தொடும் பொய்முடி, ஜிகினா, குதிகால் செருப்பு. பாப் தி டிராக் குவீனின் வண்டி பெரிய கைப்பை வடிவில் இருக்கும். கடைத்தெருவில் நடக்கிறார்கள், முகம் சுளிப்பவர்களும் உண்டு, சேர்ந்து படமெடுத்துக்கொள்ள ஓடி வருபவர்களும் உண்டு. அந்த ஊர்க்காரர்களில் மூன்று பேரைத் தேர்ந்து, ஆளுக்கு ஒருவராகச் சிஷ்யப்பிள்ளையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்பனை, நடை, பாட்டுக்கு வாயசைப்பு எல்லாம் கற்றுத்தருகிறார்கள். கடைசியில் ஒரு ராத்திரி, ஊர் நடுவில் மேடை. அந்த மூன்று பேரும் தங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் ஆடுகிறார்கள். அவ்வளவுதான்.

டிராக் என்றால் வேடம் கட்டும் கலை. ஆண் பெண்ணாக வேடமிட்டு, சில சமயம் பெண் ஆணாக வேடமிட்டு, ஆட்டமும் பாட்டும் நையாண்டியுமாக நடத்துவது. மேடையிறங்கி முகத்தைத் துடைத்தால் பலர் ஆண்களாகவே வாழ்பவர்கள். திருநங்கையரும் அந்த மேடையில் உண்டு. முதல் மூவரில் ஒருவரான யுரீக்கா ஓஹாரா, தான் ஒரு திருநங்கை என்று 2022-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் வேடம் வேறு, பாலின அடையாளம் வேறு. நம் குழுக்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் சொல்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை விலக்கிவிடுவோம். பெரிய நகரத்துப் பழக்கத்தைக் கொண்டுவந்து அப்பாவிச் சிறு நகரங்களில் திணிக்கிறார்கள் என்பது பொய். அந்த மூவரில் யுரீக்கா டென்னசியின் ஜான்சன் சிட்டிக்காரர். ஷான்ஜெலா டெக்சஸில் உள்ள பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாப் ஜார்ஜியாவின் கொலம்பஸில் பிறந்தவர். அப்படிப்பட்ட ஊர்களில் மூச்சுமுட்டி வெளியேறியவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்காகக் காத்திருப்பவர்களும் அங்கேயே பிறந்து அங்கேயே இருப்பவர்கள்.

நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டனுக்கு ஒரு அத்தியாயத்தில் போகிறார்கள். நவஹோ மக்களின் நிலத்தை ஒட்டிய ஊர். ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களை 'நாட்லேஹி' என்று மதித்து அழைத்த மரபு அந்த மக்களுடையது. இரண்டாம் பருவத்தில் ஹவாயின் கோனா. அங்கே அப்படிப்பட்டவர்களுக்கு 'மாஹூ' என்று பெயர், சமூகத்தில் இடமும் இருந்தது. இந்த இரண்டு இடங்களிலும் வெளியிலிருந்து வந்திறங்கியது எது என்று கேட்டால், வெறுப்புதான். பாதிரிமார்களோடும் உண்டுறைப் பள்ளிகளோடும் வந்தது.

வெள்ளைக்காரச் சிறு நகரங்களுக்கும் பெண்வேடம் புதிதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தெற்கின் ஊர்களில் 'பெண்ணில்லாக் கல்யாணம்' என்று ஒரு நாடகம் சக்கைப்போடு போட்டது. தேவாலயத்துக்குக் கூரை வேய, பள்ளிக்கூடத்துக்குப் பியானோ வாங்க என்று நன்கொடை திரட்ட நடத்துவார்கள். மணப்பெண், தோழிகள், மணப்பெண்ணின் அம்மா எல்லாம் ஆண்களே. ஊரிலேயே பெரிய மீசைக்காரர், வங்கி மேலாளர், டாக்டர் என்று பார்த்துப் பார்த்துக் கவுன் மாட்டிவிடுவார்கள். குழந்தை குட்டிகளோடு ஊரே உட்கார்ந்து சிரிக்கும். 1942-இல் இர்விங் பெர்லின் அமெரிக்க ராணுவத்துக்காக நடத்திய 'திஸ் இஸ் தி ஆர்மி' மேடை நிகழ்ச்சியில் சிப்பாய்களே பெண்வேடமிட்டு ஆடினார்கள். அந்த மேடைகளைப் பார்த்து ஊர் பதறவில்லை.

ஆக, வேடம் பிரச்சினையில்லை. வேடமிட்டவன் கூச்சத்தோடு நெளிந்தால் ஊர் சிரிக்கும். அதே வேடத்தில் அவன் நிம்மதியாக, அழகாக, தலைநிமிர்ந்து நின்றால்தான் ஊருக்குப் பொறுக்காது.

நாம் மட்டும் என்ன? எந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்திலாவது பொங்கல் விழா நாடகத்தில் ஒரு மென்பொருள் பொறியாளர் சேலை கட்டி, தொப்பை தெரிய, கீச்சுக்குரலில் பேசாமல் இருந்ததுண்டா? அரங்கமே உருண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. நம் தாத்தாக்கள் காலத்து நாடகக் கம்பெனி ஸ்திரீபார்ட்டுகள் இப்படிக் கேலிக்காகவா வேடம் கட்டினார்கள்? டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்தார். சாகும்வரை 'அவ்வை' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தெருக்கூத்தில் இன்றைக்கும் திரௌபதி வேடம் கட்டுபவரைப் பார்த்து யாரும் கைகொட்டிச் சிரிப்பதில்லை, கும்பிடுகிறார்கள்.

'பார்த்தீர்களா, டிராக் நம்மிடமே இருந்தது' என்று பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. நம் ஸ்திரீபார்ட் பெண்கள் மேடையேறாத காலத்துத் தேவை. அமெரிக்க டிராக், வேறெங்கும் இடமில்லாதவர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட பந்தல். 1888-இல் வாஷிங்டனில் வில்லியம் டார்சி ஸ்வான் என்பவர் நடத்திய இப்படியொரு நடன விருந்தில் போலீஸ் புகுந்து பலரைக் கைது செய்தது. ஸ்வான் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 'டிராக் ராணி' என்று தன்னை அழைத்துக்கொண்டவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் அவர்தான்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

2023 மார்ச்சில் டென்னசி ஆளுநர் பில் லீ ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வயதுவந்தோருக்கான கேளிக்கை பொது இடத்திலோ குழந்தைகள் பார்க்கும்படியோ நடக்கக்கூடாது என்ற அந்தச் சட்டம், அத்தகைய கேளிக்கையாளர்களின் பட்டியலில் ஆண், பெண் வேடதாரிகளையும் சேர்த்தது. முதல் முறை சிறு குற்றம். மறுபடி செய்தால் 6 ஆண்டுகள் வரை சிறை. கையெழுத்திடும் முன்பே, 1977-ஆம் ஆண்டு பள்ளி மலரிலிருந்து பெண்ணுடையில் ஒரு மாணவன் நிற்கும் படம் வெளியே வந்தது. அது ஆளுநர்தான் என்றார்கள். நிருபர் கேட்டபோது, அதையும் இதையும் ஒப்பிடுவதே அபத்தம் என்று எரிந்து விழுந்தார். அந்த ஜூன் மாதம் மெம்ஃபிஸ் ஃபெடரல் நீதிபதி தாமஸ் பார்க்கர் சட்டம் தெளிவற்றது, பேச்சுரிமைக்கு எதிரானது என்று சொல்லி நிறுத்தினார். அவர் டிரம்ப் நியமித்த நீதிபதி என்பதையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. சட்டம் சரி என்று சொல்லவில்லை; வழக்குத் தொடுத்த நாடகக் குழுவுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்றது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

ஆபாசமானதை மட்டும்தானே தடுக்கிறார்கள், நம் சங்க நாடகத்துக்கு என்ன வந்தது என்பீர்கள். ஒன்றும் வராது. சேலை கட்டிய நம் பொறியாளரைத் தேடி எந்தப் போலீசும் வராது. ஏன் வராது என்று யோசித்தீர்களா? அவரை யாருக்கும் பயமில்லை என்பதால். எது ஆபாசம், எது வேடிக்கை என்பதை முடிவுசெய்பவர் வேடத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறார். ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த நாட்டில் குடியேறி வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மர்ஃபிரீஸ்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். நாஷ்வில்லுக்குத் தென்கிழக்கே முக்கால் மணி நேரப் பயணம். தொடரின் நான்காம் பருவம் முதலில் இறங்கிய ஊர். (சிற்றூர் என்கிறார்கள், ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊரை நம்மூர்க்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.) அங்கே ஆண்டுதோறும் 'போரோபிரைட்' என்ற பால்புதுமையினர் பெருமித விழா நடக்கும். 2022 விழாவில் டிராக் ஆட்டத்தைக் குழந்தைகள் பார்த்தார்கள் என்று புகார் வந்தது. இனி அந்த அமைப்புக்கு அனுமதியே கிடையாது என்று நகர மேலாளர் கடிதம் எழுதினார். 2023-இல் பொது ஒழுக்கம் என்ற பெயரில் நகரசபை ஒரு துணைவிதி போட்டது. நகரத்தின் பழைய விதிப்புத்தகத்தில் பாலியல் நடத்தைக்கான விளக்கத்தில் ஒருபாலீர்ப்பே இடம்பெற்றிருந்தது. புதிய விதி அந்த விளக்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டது. வழக்குப் போட்ட பிறகுதான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். 2024 பிப்ரவரியில் சமரசம்: விதியைத் திரும்பப் பெற்று, 5,00,000 டாலரும் கொடுத்தது நகரம். யார் பணம்? அந்த ஊரில் வீட்டுவரி கட்டுகிற நம்மவர்கள் பணமும்தான்.

இப்போது அதே ஊரில் 2010-க்குப் போவோம். உங்களில் சிலர் அப்போதே இங்கே இருந்தீர்கள். மர்ஃபிரீஸ்பரோ இஸ்லாமிய மையம் ஒரு புதிய பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்தது. கவுண்டியின் திட்டக்குழு அனுமதி தந்தது. ஊர் கொதித்தது. ஊர்வலம் போனார்கள். ஆகஸ்டில் கட்டுமான எந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். இஸ்லாம் ஒரு மதமே இல்லை, அதனால் மதச் சுதந்திரம் அதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். 2012-இல் உள்ளூர் நீதிபதி, திட்டக்குழுக் கூட்டத்துக்குப் போதுமான முன்னறிவிப்பு தரவில்லை என்று காரணம் சொல்லி அனுமதியையே ரத்து செய்தார். ஃபெடரல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்த ஆகஸ்டில் கதவு திறந்தது. எதிர்ப்பாளர்களின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது 2014-இல்.

போரோபிரைடையும் பள்ளிவாசலையும் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டு தரப்புக்காரர்களுமே என்மேல் கோபப்படக்கூடும். பரவாயில்லை. உன்னைப் பிடிக்கவில்லை என்று எந்த நகரசபையும் எழுதித் தராது. படிவம் சரியில்லை என்று எழுதித் தரும். கோயில் கட்ட நிலம் வாங்கப் போன நம் ஆட்களுக்கு இந்த மொழி நன்றாகப் புரியும்: போக்குவரத்து நெரிசல், வண்டி நிறுத்த இடம், சத்தம், வடிகால். சில சமயம் அவை உண்மையான காரணங்கள். சில சமயம் இல்லை. எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரே வழி, அதே விதியை மற்றவர்களுக்கும் போட்டார்களா என்று பார்ப்பது.

யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகரத்தில் இதை அப்படியே பார்க்கலாம். 2022 கோடையில் இந்தத் தொடரின் மூன்றாம் பருவத்துக்காக ஊர்ப் பூங்காவில் மேடை போட அனுமதி கிடைத்தது. நகரசபைக்குள்ளேயே எதிர்ப்பு, அனுமதியை ரத்து செய்யச் சொன்னார்கள். நகர மேலாளர் மறுத்துவிட்டார்: நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்பதற்காகப் பொதுப் பூங்காவை மறுக்க அரசியல் சட்டம் இடம் தராது என்றார். நிகழ்ச்சி நடந்தது. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போனார். நகரம் அவரோடு 6,25,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அவர் டிராக் ரசிகர் என்று நான் நினைக்கவில்லை. விதி என்றால் எல்லோருக்கும் ஒரே விதி என்று நம்பிய ஒரு அதிகாரி, அவ்வளவுதான். இந்தத் தொடரைச் சுற்றி நடந்த அத்தனையிலும் என் மனத்தில் அதிகம் நிற்பவர் ஜிகினா அணியாத அந்த மனிதர்தான்.

படக்குழு போன பிறகும் கதை முடியவில்லை. 2023-இல் உள்ளூர் டிராக் கலைஞர்கள் தாங்களே ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைப்பதற்கு முன்பே விளம்பரம் செய்துவிட்டீர்கள் என்று நகரம் மறுத்தது. அப்படி ஒரு விதி புத்தகத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதைப் பிறர்மேல் பயன்படுத்தியதாகக் காணோம். எத்தனையோ விழாக்கள் அனுமதிக்கு முன்பே விளம்பரம் செய்து நடந்திருந்தன. நீதிபதி டேவிட் நஃபர் இதைப் பாகுபாடு என்றே தீர்ப்பளித்தார். ஜூன் கடைசியில் நிகழ்ச்சி நடந்தது. நம் தீபாவளி விழாத் துண்டறிக்கையை அனுமதி வரும் முன்பே குழுவில் போட்டுவிடும் சங்கச் செயலாளர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

சரி, குழந்தைகள்? 'இதெல்லாம் பிள்ளைகள் முன்னால் வேண்டுமா' என்று கேட்கும் அம்மா அப்பாவை நான் பழமைவாதி என்று ஒதுக்க மாட்டேன். நள்ளிரவு மதுக்கூடங்களில் நடக்கும் டிராக் ஆட்டம் பச்சையாகத்தான் இருக்கும். அங்கே குழந்தைக்கு வேலையில்லை. அதை நடத்துபவர்களே உள்ளே விடமாட்டார்கள். பூங்காவில் பட்டப்பகலில் நடப்பது வேறு மாதிரி. இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்தவர்கள்தானே நாம்? எந்தத் தமிழ்ப் படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது, எந்தப் பாட்டுக்குத் தொலைக்காட்சியை அணைப்பது என்று நாமே முடிவுசெய்கிறோம். அந்த முடிவை நகரசபை எடுக்கட்டும் என்று விட்டால், நாளை வேறு முடிவுகளையும் அவர்களே எடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 19 இரவு, கொலராடோ ஸ்பிரிங்ஸில் 'கிளப் கியூ' என்ற பால்புதுமையினர் இரவு விடுதியில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து ஐந்து பேரைக் கொன்றான். தொடரின் மூன்றாம் பருவம் ஒளிபரப்பாகத் தொடங்கியது அதற்கு ஒரு வாரத்துக்குள். அந்த இரவில் கொலைகாரன்மேல் பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கியவர்களில் ஒருவர் முன்னாள் ராணுவ அதிகாரி. மனைவி, மகள், நண்பர்கள் என்று குடும்பமாக டிராக் ஆட்டம் பார்க்க வந்திருந்தவர். மகளின் காதலன் இறந்தவர்களில் ஒருவன். குழந்தைகளைக் காப்பாற்றுவோம் என்று அனுப்பும் துண்டுப்படங்களைப் பார்த்து வெறியேறுபவர்களும் இந்த நாட்டில் துப்பாக்கி வாங்குகிறார்கள் என்பதை, அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடரை நான் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டவில்லை. முதல் மூன்று பருவங்களில் எனக்குக் குறை நிறைய. ஒவ்வொரு ஊரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வருகிறது: வண்டி இறங்கும், அழுகை வரும், ஒப்பனை மாறும், மேடை ஒளிரும், கட்டித் தழுவுவார்கள். எச்.பி.ஓ. பணத்தில் தைத்த உடையில் ஒருவர் ஒரு ராத்திரி ராணியாக நிற்கிறார். படக்குழு மறுநாள் விமானம் ஏறிவிடும். திங்கட்கிழமை அவர் வால்மார்ட் கல்லாவில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். அந்தத் திங்கட்கிழமையைத் தொடர் காட்டுவதேயில்லை. அந்தந்த ஊரில் காலங்காலமாக, கைக்காசு போட்டு, வாடகைக்கு எடுத்த கூடத்தில் ஆடிவரும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் தொடரில் வெளிச்சம் குறைவு. வந்தவர்கள் விருந்தாளிகள், இருப்பவர்கள்தான் ஊர்.

நான்காம் பருவத்தில் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். தொடரை நடத்தும் கலைஞர்கள் மாறினார்கள்: சாஷா வெலூர், ஜெய்டா எசன்ஸ் ஹால், பிரியங்கா, லட்ரீஸ் ராயல். வாரத்துக்கு ஒரு ஊர் என்று ஓடாமல், டென்னசியிலும் ஓக்லஹோமாவிலும் தங்கி நிதானமாக எடுத்தார்கள். ஒப்பனை அறையைவிட நகரசபைக் கூட்டங்கள் முக்கியமாகின்றன. தொலைக்காட்சிக்கு அது கொஞ்சம் சலிப்பூட்டலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

பிரியங்கா என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்திருப்பீர்கள். கனடாக்காரர். குழந்தைகள் தொலைக்காட்சியில் தொகுப்பாளராக இருந்தவர். 2020-இல் கனடாவின் டிராக் போட்டியில் முதல் வெற்றியாளர். குடும்பம் கயானாவிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் வழி வந்த சமூகம். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அந்தக் கப்பல்கள் போயிருக்கின்றன. பொட்டும் பட்டுமாக நம் சித்தி பெண் போன்ற ஒரு முகம் டென்னசி கடைத்தெருவில் நடந்து போவதைப் பார்க்கையில், 'இது வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்று சொல்வது கொஞ்சம் கடினமாகிவிடும்.

அதை ஒட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தயக்கத்தோடு. நம் பிள்ளைகளில் அப்படி யாருமில்லை என்று நினைப்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு. எத்தனை பேர் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் வரவேற்பறையில், 'சீ, என்ன கர்மம் இது' என்று நீங்கள் ஒரு காணொளியைப் பார்த்துச் சொல்லும்போது, மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை அதைத் தன் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வீட்டில் இடமில்லையென்றால் அடுத்த தெருவில் ஒரு அத்தையோ, தேவாலயத்தில் ஒருவரோ இருக்கக்கூடும். நம் பிள்ளைக்கு இந்த ஊரில் நம்மைத் தவிரச் சொந்தம் யார்? சித்தப்பா கோயம்புத்தூரில், பாட்டி யாழ்ப்பாணத்தில்.

முதல் அத்தியாயத்திலேயே, கெட்டிஸ்பர்க்கில், ஒரு அம்மா வருகிறார். மகள் தன் ஈர்ப்பைப் பற்றிச் சொன்னபோது மத நம்பிக்கையின் பேரில் அவளை ஒதுக்கித் தள்ளியவர். பிறகு மனம் மாறி, மகளிடம் எப்படித் திரும்பிப்போவது என்று தெரியாமல் நிற்கிறார். அவர்தான் மேடையேறுகிறார். பொய்முடியும் ஒப்பனையும் மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் ஆடியே இராத அம்மா ஆடுகிறார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? எனக்கு வருமா என்று எனக்கே சந்தேகம்தான். நமக்கு மேடையெல்லாம் வேண்டாம். சாப்பாட்டு மேசையில் வாயை மூடிக்கொண்டு பிள்ளை பேசுவதைக் கேட்டாலே போதும். தனியாக இருக்கிறோமே என்று தோன்றினால், 1973-இல் நியூயார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியைத் தாய் தொடங்கிய 'பிஃப்ளாக்' என்ற பெற்றோர் அமைப்புக்குச் சிறு நகரங்களிலும் கிளைகள் உண்டு. தெற்காசியப் பெற்றோருக்கென்றே 'தேசி ரெயின்போ' என்ற அமைப்பும் இருக்கிறது. நம்மைப் போன்ற அம்மாக்களும் அப்பாக்களும்தான் அங்கே பேசுகிறார்கள்.

நான் கேட்பது மூன்று, நாலு காரியம். பெரிதாக ஒன்றுமில்லை.

உங்கள் நகரசபையின் நிகழ்ச்சி நிரல் இணையத்தில் வருகிறது. மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். பூங்கா அனுமதி, பொது ஒழுக்கம், நூலகப் புத்தகம் என்ற தலைப்புகள் வந்தால் ஒரு ஆளாவது போய் உட்காருங்கள். பொதுமக்கள் பேசச் சில நிமிடம் தருவார்கள். டிராக் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. 'நான் இந்த ஊரில் வரி கட்டுகிறவள், பூங்கா எல்லோருக்கும் ஒரே விதியில் திறந்திருக்க வேண்டும்' என்றால் போதும். குடியுரிமை இல்லாதவர்களும் பெரும்பாலான ஊர்களில் பேசலாம். விசா பயம் இருப்பவர்கள் மின்னஞ்சலாவது போடுங்கள். வெட்டி ஒட்டிய துண்டுப்படம் குழுவுக்கு வந்தால், முழு அத்தியாயம் பார்த்தீர்களா என்று அனுப்பியவரை மரியாதையாகக் கேளுங்கள். சங்கப் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அடுத்த பொங்கல் நாடகத்தில் சேலை வேடம் போட்டால், அதைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்தாமல் எழுத முடியுமா என்று யோசியுங்கள். நம்மிடம் நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள்.

பார்ப்பதென்றால் கெட்டிஸ்பர்க்கில் தொடங்கி, செயின்ட் ஜார்ஜ் பார்த்துவிட்டு, மர்ஃபிரீஸ்பரோவுக்கு வாருங்கள். நடுவில் விட்டதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும்; பெரியவர்களுக்கான நிகழ்ச்சியாகத்தான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் முதல் தடவை நீங்கள் இருவரும் மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று அது சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். எந்த அத்தியாயம் பிடித்தது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
நடு டென்னசி